பேய் வண்டி

அவளுக்கு ‘மேலிடம்’ என்று பேர் வைத்தது அவளுடைய அக்கா வீட்டுக்காரர்தான். நகரத்துக்குக் குடிதண்ணீர் அனுப்பும் சுத்திகரிப்பு நிலையத்தில் அவர் பம்ப் மெக்கானிக். அவள் அதே நிலையத்தின் வாசலுக்கு மேலே, மாடியில் இருக்கும் கன்ட்ரோல் ரூமில் திரை பார்ப்பவள். எந்த வண்டி உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. மாடியில் உட்கார்ந்திருப்பவளிடம் அனுமதி வாங்கித்தான் கீழே இருப்பவன் உள்ளே வர வேண்டும் என்றால் அவள் மேலிடம்தானே என்பது அவர் வாதம்.

உண்மையில் அனுமதி கொடுப்பது அவள் இல்லை, கேமரா. வண்டி வந்து நிற்கும். கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். பதிவில் இருக்கிற வண்டிதான் என்று தெரிந்ததும் தடுப்புக் கட்டை தானாக மேலே போகும். ஆனாலும் மாமா தன் வெள்ளை வேனின் கண்ணாடியை இறக்கி, கம்பத்தில் இருக்கும் பட்டனை அழுத்தி, "மேலிடம், உத்தரவா?" என்று கேட்பார். "உத்தரவு" என்று அவள் ஸ்பீக்கரில் சொன்ன பிறகுதான் கியர் போடுவார். கட்டை எப்போதோ ஏறி நிற்கும், பின்னால் லாரிக்காரர் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் நிற்பார், இவர் அசைந்தால்தானே. கொஞ்ச நாளில் நிலையத்தில் எல்லோரும் அவளை அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவள் வளர்ந்தது அக்கா வீட்டில்தான். மாமாதான் அவளுக்கு சைக்கிள் பழக்கினார், பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டார். இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னவரும் அவர்தான். இண்டர்வியூ அன்று அவளைவிட அவருக்குத்தான் அதிகமாக வேர்த்துக் கொட்டியது. வேலை கிடைத்த பிறகுதான் அவள் தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கினாள்.

இனி அந்தத் திரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு வண்டி உள்ளே வந்தால் அதன் நம்பர் திரையில் ஏறிக்கொள்ளும். வெளியே போனால் இறங்கிவிடும். சாயங்காலம் வேலை முடியும்போது திரை சுத்தமாக இருக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த ஷிப்டுக்குக் கொடுக்கலாம். ஆனால் கேமரா என்ன கடவுளா? பிளேட்டில் சேறு அப்பியிருந்தால் படிக்காது. சகதி ஏற்றிய லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வண்டி ஒட்டியே வெளியே போய்விட்டால் அதையும் விட்டுவிடும். அந்த வண்டி ஓட்டுநர் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்திருப்பார், திரையில் மட்டும் வண்டி உள்ளேயே நிற்கும். இப்படி நிற்கும் வண்டிக்குத்தான் நிலையத்தில் ‘பேய் வண்டி’ என்று பேர். பட்டனை அமுக்கி அதைத் திரையிலிருந்து நீக்குவதற்கு ‘பேய் ஓட்டுவது’ என்று பேர். "பேய் ஓட்டியாச்சா, கிளம்பலாமா?" என்பதுதான் அங்கே ஷிப்டு முடியும்போது பேச்சு.

பேய் ஓட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஓட்டுநருக்கு ஃபோன் செய்து, வெளியே போய்விட்டாரா என்று கேட்க வேண்டும். எடுக்காவிட்டால் ரோந்துக்காரரை அனுப்பி வளாகத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பட்டன். இதை ஒருவரும் செய்வதில்லை. கேட்ட போதெல்லாம் வண்டி போய்விட்டது என்றே பதில் வந்தால், அப்புறம் எவன் மெனக்கெட்டுக் கேட்பான்? அவள் ஒருத்திதான் விதிக்கு வாக்கப்பட்டவள் மாதிரி ஒவ்வொரு பேய் வண்டிக்கும் ஃபோன் போடுவாள். "வீட்டுக்கு வந்துட்டேன் மேலிடம், சோறு திங்கலாமா, உத்தரவா?" என்று ஓட்டுநர்கள் ஓட்டுவார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

அந்த விதிப்பிடிவாதம்தான் மாமாவோடு மல்லுக்கு நிற்க வைத்தது.

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை. வேன் ஒர்க்ஷாப்பில் இருந்ததால் மாமா சொந்தக் காரை எடுத்துக்கொண்டு வந்தார். பின் சீட்டில் பெரிய பம்புக்கு மாற்ற வேண்டிய உதிரிபாகம். உள்ளே பம்பு நின்றுபோய் எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். கார் பதிவில் இல்லை. கேமரா பார்த்தது, கட்டை அசையவில்லை.

"மேலிடம், நான்தான். தொறங்க."

"மாமா, இந்த வண்டி பதிவுல இல்ல. ஆபீஸ் தொறந்ததும் பாஸ் வாங்கிட்டு வாங்க."

"ஆபீஸ் தொறக்குற வரைக்கும் பம்பு சும்மா கெடக்கணுமா? வண்டி பதிவுல இல்லன்னா என்ன, நான் இருக்கேன்ல."

"கேமராவுக்கு வண்டியத்தான் தெரியும், மாமா."

"கேமராவுக்குச் சரி. உனக்கு?"

கையால் திறக்கும் பட்டன் அவள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதை அமுக்கியிருக்கலாம், பிறகு மேலதிகாரியிடம் சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் பின்னால் லாரிகள் சேர்ந்துவிட்டன. ஓட்டுநர்கள் தலையை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள். சொந்தக்காரர் என்று விட்டுவிட்டாள் என்று நாளைக்கு நாலு பேர் பேசுவார்களே என்று அவளுக்கு ஒரு பயம். பயந்தவள் மெதுவாகச் சொல்லியிருக்கக் கூடாதா? வாசல் முழுக்கக் கேட்கிற பெரிய ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"இங்க மாமாவும் கிடையாது மச்சானும் கிடையாது. வண்டியப் பின்னால எடுங்க."

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மழையில் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து, காரைப் பின்னுக்கு எடுத்தார். திரையில் அவர் முகம் சின்னதாகத் தெரிந்தது. அந்த முகத்தை அவள் அன்று சரியாகப் பார்க்கவில்லை. பிறகு எத்தனையோ தடவை மனசுக்குள் பார்த்தாகிவிட்டது.

மறுநாள் வேன் வந்தது. கட்டை ஏறியது. மாமா கண்ணாடியை இறக்கவில்லை, பட்டனை அழுத்தவில்லை. நேரே பார்த்தபடி உள்ளே போய்விட்டார். சாயங்காலம் டீ குடிக்க மாடிக்கு வருகிறவர், வரவில்லை. இரண்டு நாளில் சரியாகிவிடும், அவரே வந்து கேலி செய்வார் என்று அவள் நினைத்தாள். நாம் தூக்கி வளர்த்த பெண், அவளே வந்து ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று அவர் நினைத்திருப்பார். ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றதில் மழைக்காலம் போய் வெயில்காலமும் வந்துவிட்டது. அக்கா இரண்டு பேரிடமும் சொல்லிச் சொல்லி ஓய்ந்து போனாள்.

அக்காவைப் பார்க்க அவள் போகாமல் இல்லை. ஆனால் மாமா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவாள். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, திரையே சொல்லும். ஷிப்டு முடிந்து கிளம்பும்போது வெள்ளை வேன் இன்னும் உள்ளே நிற்கிறது என்றால் நேரே அக்கா வீடு. அவர் வருவதற்குள் திரும்பிவிடலாம். ஒரு மனுஷன் எங்கே இருக்கிறார் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் தெரிந்துவைத்துக்கொண்டு, அவரிடம் மட்டும் பேசாமல் இருந்தாள் அவள்.

வேன் பேய் வண்டியாக மாறும் நாட்களும் வந்தன. மற்றவர்களுக்கெல்லாம் ஃபோன் போடுகிறவள் அவருக்கு மட்டும் போட மாட்டாள். கீழே வாசல் காவலரை வாக்கி டாக்கியில் கூப்பிட்டு, "அந்த வெள்ளை வேன் போயிடுச்சா?" என்று கேட்பாள். போய்விட்டது என்பார். பட்டனை அமுக்குவாள். விதியை வளைத்தது அவர் ஒருவர் விஷயத்தில் மட்டும்தான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அப்படி ஒரு சாயங்காலம் திரையில் மூன்று பேய் வண்டிகள் நின்றன. குளோரின் லாரி, தோட்ட வேலை ஒப்பந்தக்காரரின் ஜீப், வெள்ளை வேன். லாரிக்காரருக்கு ஃபோன் செய்தாள், போய்விட்டேன் என்றார். ஒப்பந்தக்காரருக்குச் செய்தாள், அவரும் அதையே சொன்னார். வேனுக்குக் காவலரைக் கூப்பிட்டாள்.

"போயிருக்கும் மேடம். சகதி லாரிங்க வரிசையா போச்சு, அதோட ஒட்டிப் போயிருக்கும்."

"பார்த்தீங்களா?"

"எல்லாரும் போயாச்சு மேடம். அவர் மட்டும் எதுக்கு இருக்கப் போறாரு?"

ஃபோன் கையில்தான் இருந்தது. அவர் பெயர் வரை வந்து விரல் நின்றது. எடுத்தால் என்ன சொல்வது? மாமா என்று ஆரம்பிப்பதா, வண்டி நம்பரைச் சொல்லி ஆரம்பிப்பதா? இத்தனை நாள் கழித்து முதல் வார்த்தையாக "வெளிய போயிட்டீங்களா?" என்றா கேட்பது? ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். பட்டனை அமுக்கினாள். திரை சுத்தமாகிவிட்டது. அடுத்த ஷிப்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அறைக்கு வந்து கொடியில் கிடந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

"மாமா கிளம்பிட்டாராடி? ஃபோன் அடிக்குது, எடுக்கலை."

"வண்டி அப்பவே வெளிய போயிடுச்சேக்கா."

இதைப் பொய் என்று அவள் நினைத்துச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. தன் கையால் அமுக்கியதை, அமுக்கிய சூடு ஆறுவதற்குள், நடந்ததாகவே நம்பிவிட்டாள்.

"அப்போ வேணும்னுதான் எடுக்கலை," என்றாள் அக்கா. "காலையில ஒரு சின்னப் பேச்சு வந்துச்சு. கோவம் வந்தா அந்தச் சீட்டாட்டக் கூட்டத்துல போய் உக்காந்துக்குவாரு, விடிஞ்சுதான் வருவாரு. வரட்டும், எனக்கென்ன." அக்கா கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வெள்ளை வேன் வரும் நேரம் ஆயிற்று, வரவில்லை. லீவு போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அப்போது வாக்கி டாக்கியில் புல் வெட்டுகிறவரின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

"பழைய பம்ப் ஹவுஸுக்குப் பின்னாடி வேன் ஒண்ணு நிக்குது. உள்ள நம்ம மெக்கானிக் அண்ணன் சாஞ்சு கெடக்காரு. கண்ணு தொறந்திருக்கு, பேச்சு இல்ல."

அவள் முதலில் பார்த்தது திரையைத்தான். "அந்த வேன் நேத்தே வெளிய போயிடுச்சே," என்றாள்.

"மேடம், மனுஷன் என் கண்ணு முன்னாடி கெடக்காரு," என்றார் அவர்.

ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. கேமரா பார்த்தது, கட்டை அசையவில்லை. அந்த வண்டியும் பதிவில் இல்லை. அவள் கை தானாகப் போய் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த பட்டனை அமுக்கியது. ஆம்புலன்ஸ் உள்ளே போய், மாமாவை ஏற்றிக்கொண்டு, வெளியே போகும்வரை விரலை எடுக்கவில்லை. அவ்வளவு சுலபமான பட்டன் அது.

பக்கவாதம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மருத்துவர் அக்காவிடம் கேட்டார்: "எப்ப ஆரம்பிச்சதுன்னு யாருக்காவது தெரியுமா? உடனே கொண்டு வந்திருந்தா குடுக்க மருந்து இருக்கு. இப்ப அதைக் குடுக்க முடியாது. ராத்திரி பூரா அப்படியே இருந்திருக்கார் போல."

அவருடைய ஃபோன் வேனில் சீட்டுக்கு அடியில் விழுந்து கிடந்தது. அக்கா அழைத்தது எல்லாம் அதில் இருந்தது. அடித்தபோதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். கை போயிருக்காது. அக்கா அந்த ஃபோனைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். நேற்று காலை தான் பேசிய பேச்சை எண்ணி எண்ணி அழுதாள்.

"வண்டி போயிடுச்சுன்னு சொன்னியேடி," என்றாள். குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை, வெறும் குழப்பம். "அந்தப் பாழாப்போன மிஷின் தப்பா காட்டிடுச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். நிலையத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மிஷின் சரியாத்தான் காட்டுச்சுக்கா. வண்டி உள்ள இருக்குன்னுதான் காட்டுச்சு. நான்தான் அமுக்கி எடுத்தேன். ஃபோன் பண்ணிக் கேட்டுட்டு எடுக்கணும். மத்தவங்களுக்கெல்லாம் பண்ணினேன். மாமாவுக்குப் பண்ணலை."

"ஏன்?"

"பேசறதில்லையே."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்திருந்தால் தேவலை. கத்தியிருந்தால் கூடத் தேவலை. பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டி, "நிரப்பிட்டு வா," என்றாள். அவள் நிரப்பிக்கொண்டு வந்ததும் வாங்கி வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"உனக்கு அவர்கூடப் பேசப் பிடிக்கலைன்னா என்கிட்டச் சொல்லியிருக்கலாமே. நான் போட்டிருப்பேனே ஃபோனு. அவர் உள்ளதான் இருக்கார், எடுக்கலைன்னு தெரிஞ்சிருந்தா நானே ஓடி வந்திருப்பேனே."

 

நிலையத்தில் விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். பிளேட்டில் சேறு இருந்தால் தவறு நேரக்கூடும் என்று முடித்தார்கள். வேன் வாசல் பக்கமே வரவில்லை, அப்புறம் சேறு எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டாள். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எல்லாரும் பேய் ஓட்டுறதுதானேம்மா. உன் ஒருத்தி தலையில போட்டா மத்தவங்களையும் கேக்க வேண்டி வரும். போய் வேலையப் பாரு," என்றார். தண்டனை கிடைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அவள் கரை ஏறியிருப்பாள். அதையும் தரவில்லை. வெளியேறும் வாசலில் இன்னொரு கேமரா மாட்டினார்கள். இப்போது எல்லா ஷிப்டுக்காரர்களும் ஃபோன் போட்டுக் கேட்கிறார்கள். ஓட்டுநர்கள் யாரும் கேலி செய்வதில்லை. மேலிடம் என்று அவளைக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள்.

மாமாவை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும் அவள் உடனே போகவில்லை. அவர் இல்லாத நேரம் பார்த்துப் போகிற பழக்கத்தில் இருந்தவள், இனி அவர் இல்லாத நேரமே கிடையாது என்பது புரிய நாளாயிற்று. ஒரு விடுமுறை நாள் காலையில் கிளம்பிப் போனாள்.

கதவு திறந்துதான் இருந்தது. கூடத்தில் ஜன்னலோரம் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் துண்டு மாதிரி கிடந்தது. சட்டைப் பொத்தான்களை அக்கா போட்டுவிட்டிருக்க வேண்டும், கழுத்து வரை போட்டிருந்தது. அவர் அப்படிப் போடுகிற ஆளே இல்லை. அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டது.

அவள் செருப்பைக் கழற்றினாள். வாசற்படியில் நின்றாள். வழியெல்லாம் ஒரு மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். வேறு ஒன்றுதான் வாயில் வந்தது.

"மாமா, உத்தரவா?"

அவர் மெதுவாகத் திரும்பினார். அவளைப் பார்த்தார். கண் தெளிவாகத்தான் இருந்தது, அவளைத் தெரிந்துகொண்ட கண்தான். உதடு ஒரு பக்கம் லேசாக அசைந்தது போல் இருந்தது, பிறகு நின்றுவிட்டது. அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முடியாமல் திருப்பிக்கொண்டாரா, பிடிக்காமல் திருப்பிக்கொண்டாரா? அவளுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். மழைக்காலத்திலிருந்து அவள் பட்டனை அமுக்கிய அந்தச் சாயங்காலம் வரை, எந்த நாளில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னடி வாசல்லயே நிக்கிற? உள்ள வா."

"மாமா சொல்லட்டும்க்கா."

"அவர் எங்கடி சொல்லப் போறாரு." அக்காவின் குரல் உடைந்தது. "இன்னும் ஒரு வார்த்தையும் வரலையே."

"பரவால்லக்கா," என்றாள் அவள். "வர்ற வரைக்கும் நிக்கிறேன்."